குழாய்க்குள் விளாவுதல்

வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் உடம்பு தாங்கும் பதத்தில் கலப்பதற்குத் தமிழில் தனியாகவே ஒரு வினைச்சொல் இருக்கிறது: விளாவுதல். ‘வெந்நீர் விளாவி வைத்திருக்கிறேன்’ என்றால் போதும். வாளி, செம்பு, பதம் பார்க்கத் தண்ணீருக்குள் விட்ட விரல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடும். வாளியில் விளாவுகிறவர் அளவைத் தன் கையில் வைத்திருக்கிறார். கொதிக்கிற தண்ணீர் ஒரு செம்புக்குப் பச்சைத் தண்ணீர் ஐந்து செம்பு என்று ஊற்றிவிட்டால், அந்தக் கணக்கை அதற்குப் பிறகு யாரும் கலைக்க முடியாது. அடுக்களையில் யாராவது குழாயைத் திறந்தாலும், கழிப்பறையில் ஃப்ளஷ் தொட்டி நிரம்பத் தொடங்கினாலும் வாளித் தண்ணீருக்கு அது தெரியாது. ஷவர் வந்தபோது விளாவும் வேலை சுவரில் பதித்த ஒரு பித்தளை மிக்சருக்குள் போய்விட்டது. அங்கே செம்புக் கணக்கு கிடையாது. நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் வெந்நீர், இத்தனை லிட்டர் பச்சைத் தண்ணீர் என்று இரண்டு ஓட்டங்கள் வந்து சேர்கின்றன. ஒன்றின் ஓட்டம் மாறினால் அந்த நொடியே சூடும் மாறுகிறது. குளித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று சுடுகிறது, சோப்புப் போட்ட நேரத்தில் சில்லென்று ஆகிறது, வாளிக் குழாயில் வரும் வெந்நீர் ஷவரில் வர மறுக்கிறது. இந்தப் புகார்கள் எல்லாவற்றுக்கும் வீட்டில் முதல் பழி கீசர் மேல்தான் விழுகிறது. கோளாறுகளைப் பிரித்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை என்பது தெரியும். இரண்டு குழாய்களுக்கு இடையே தண்ணீரின் அழுத்தம் சமமாக இல்லாததுதான் காரணம்.

ஒரு சாதாரணக் கணக்கே இதைக் காட்டும். தொட்டித் தண்ணீர் 28 டிகிரி செல்சியஸ், கீசருக்குள் 60 டிகிரி, உடம்புக்கு வேண்டியது 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6 லிட்டர் கொட்டும் ஷவரில் அந்த 40 டிகிரி கிடைக்க, வெந்நீர் 2.25 லிட்டரும் பச்சைத் தண்ணீர் 3.75 லிட்டரும் சேர வேண்டும். இப்போது வேறொரு குழாய் திறந்து, பச்சைத் தண்ணீரின் வரத்து மட்டும் பாதியாகிறது. கலவை 45 டிகிரியைத் தாண்டிவிடும். மாறாக, வெந்நீர் வரத்து பாதியானால் 35 டிகிரிக்கு இறங்கிவிடும். இரண்டு சமயத்திலும் கீசருக்குள் இருக்கும் தண்ணீர் அதே 60 டிகிரியில்தான் நிற்கிறது. காயிலும் தெர்மோஸ்டாட்டும் தம் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கின்றன. ஐந்து டிகிரி வித்தியாசம் பெரிதா என்று கேட்கலாம். தோலுக்கு அது மிகப் பெரிது. மிளகாயில் உள்ள காரப்பொருளான கேப்சைசின் நரம்பில் எங்கே போய்த் தொடுகிறது என்று தேடிய டேவிட் ஜூலியஸின் குழு, 1997-இல் டிஆர்பிவி1 என்ற புரதத்தை அடையாளம் கண்டது. காரத்துக்குத் திறக்கும் அதே புரதம் ஏறத்தாழ 43 டிகிரியைத் தாண்டிய சூட்டுக்கும் திறக்கிறது. மிளகாய் பட்ட இடம் ‘எரிகிறது’ என்று நாம் சொல்வதை நரம்பும் அப்படியேதான் எடுத்துக்கொள்கிறது. வெப்பநிலையையும் தொடுகையையும் உணரும் ஏற்பிகள் பற்றிய ஆய்வுக்காக ஆர்டெம் படாபூட்டியனுடன் சேர்ந்து ஜூலியஸ் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். ஆக, சுகமான 40 டிகிரிக்கும் நரம்பு அலறும் எல்லைக்கும் நடுவே இருப்பது மூன்றே டிகிரி. அந்த மூன்று டிகிரிக்குள் சூட்டை நிறுத்திவைக்க வேண்டிய பொறுப்பு ஒரு சின்ன பித்தளைப் பெட்டிக்கு.

இதைப் புரிந்துகொள்ளக் கீசரின் வயிற்றுக்குள் நடப்பதை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். கீசர் வெந்நீரைத் தானாக வெளியே அனுப்புவதில்லை. அதற்கு எந்த உந்துசக்தியும் கிடையாது. அடிப்பக்கமாக நுழையும் பச்சைத் தண்ணீர்தான் மேலே மிதக்கும் வெந்நீரைத் தள்ளி வெளியேற்றுகிறது. சூடான நீர் அடர்த்தி குறைவு என்பதால் மேலே தங்குகிறது. வெளியேறும் குழாய் கலத்துக்குள் உச்சிவரை நீண்டு அந்த மேல்தட்டிலிருந்து எடுக்கிறது. உள்ளே வரும் குழாய் அடியிலேயே நின்றுவிடுகிறது. அதாவது வெந்நீர்க் குழாய் என்று நாம் அழைப்பது, பச்சைத் தண்ணீர்க் குழாயிலிருந்தே பிரிந்து, ஒரு சூடான பானைக்குள் சுற்றிவிட்டு வரும் கிளைதான். கோடையில் இதற்கு நல்ல சாட்சி கிடைக்கும். மொட்டை மாடியில் வெயிலில் காயும் கறுப்புத் தொட்டியிலிருந்து வரும் ‘பச்சைத் தண்ணீர்’ மே மாத மாலையில் கையைச் சுடும். அப்போது ஸ்விட்ச் போடாத கீசரின் சிவப்புக் குழாயைத் திறந்தால், வீட்டுக்குள் நிழலில் வெப்பக்காப்புக்குள் இருந்த தண்ணீர் இதமாக வரும். கீசரின் அடியில் உள்ளே வரும் வழிக்கு நீல வளையமும் வெளியே போகும் வழிக்குச் சிவப்பு வளையமும் போட்டிருப்பார்கள். அவசரத்தில் இந்த இரண்டையும் மாற்றி முடுக்கிவிட்டால், பச்சைத் தண்ணீர் உச்சியில் போய்க் கொட்டும், வெந்நீரை அடியிலிருந்து எடுக்க வேண்டிவரும். கீசர் எவ்வளவு நேரம் ஓடினாலும் குழாயில் வெதுவெதுப்பாகத்தான் வரும். புதிதாக மாட்டிய கீசர் முதல் நாளிலிருந்தே சரியாகச் சுடவில்லை என்றால், வாரண்டி அட்டையைத் தேடும் முன் அந்த வளையங்களின் நிறத்தைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது அழுத்தம். பெரும்பாலான தனிவீடுகளில் குளியலறைத் தண்ணீரைத் தள்ளுவது மாடித் தொட்டியின் உயரம் மட்டுமே. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். ஒரு மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு. தளத்துக்கு மூன்று மீட்டர் உயரம், ஷவர் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் என்று கணக்கிட்டால், மொட்டை மாடித் தளத்தின் மேலேயே வைத்த தொட்டியின் அடிமட்டம் மேல்மாடி ஷவருக்கு ஒரே ஒரு மீட்டர்தான் மேலே இருக்கிறது. தொட்டி ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிறைந்திருக்கும் அதிகாலையில் இரண்டு மீட்டர் அழுத்தம்; வீடு முழுக்கக் குளித்து, துணி துவைத்து, தொட்டி காலியாகும் நேரத்தில் அது பாதி. அதே வீட்டின் தரைத்தளத்தில் இரண்டு மாடிக்குக் கீழே அது ஏழெட்டு மீட்டராக இருக்கும். கடைகளில் கண்ணைப் பறிக்கும் அகலமான மழைத்துளி ஷவர்கள் பலவும் ஒரு பார் அழுத்தத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. அதை 0.2 பார் அழுத்தத்தில் மாட்டினால் ஒழுகத்தான் செய்யும். அழுத்தம் இவ்வளவு மெலிந்திருக்கும்போது வழியில் வரும் ஒவ்வொரு தடையும், ஒரு எல்போ, ஒரு வால்வு, ஒரு கசடு படிந்த வலை, ஓட்டத்தில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். வெந்நீர்க் கிளையில் இந்தத் தடைகள் இயல்பாகவே அதிகம்: ஆங்கிள் காக், வளையும் இணைப்புக் குழாய், ஒருவழி வால்வு, கீசரின் கலம், மீண்டும் ஒரு இணைப்புக் குழாய், அதன் பிறகு சுவருக்குள் ஓடும் குழாய். பச்சைத் தண்ணீருக்கோ நேர்வழி. இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து புறப்பட்டாலும் மிக்சருக்கு வந்து சேரும்போது சம பலத்தோடு வருவதில்லை.

இதைச் சோதிக்க வாளியும் கடிகாரமும் போதும். கீசரின் ஸ்விட்சை முதல் நாள் இரவே அணைத்துவிட்டு, உள்ளே இருக்கும் வெந்நீரைக் காலையில் முழுக்க வெளியே விட்டுவிட வேண்டும். இப்போது இரண்டு குழாயிலும் வரப்போவது ஒரே பச்சைத் தண்ணீர். சூடு என்ற காரணி ஆட்டத்திலிருந்தே விலகிவிட்டது. 20 லிட்டர் வாளியை மிக்சரின் கீழ்க் குழாயடியில் வைத்து, பச்சைத் தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் முழுதாகத் திறந்து நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கலாம். வாளியைக் காலி செய்து, அந்தப் பக்கத்தை மூடி, வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் முழுதாகத் திறந்து மறுபடியும் எண்ணலாம். பச்சைத் தண்ணீரில் இரண்டு நிமிடத்தில் நிரம்பிய வாளி வெந்நீர்ப் பக்கத்தில் இரண்டேகால் நிமிடம் எடுத்தால் கவலையில்லை. ஐந்து நிமிடம் எடுத்தால் அந்தக் கிளையில் எங்கோ அடைப்பு இருக்கிறது. மின்சாரம் இல்லாத நிலையில் எடுத்த அளவு இது, ஆகவே காயிலையும் தெர்மோஸ்டாட்டையும் சந்தேகப்பட இதில் இடமே இல்லை. பிறகு கீசரின் அடியில் உள்ள ஆங்கிள் காக்கை மூடி, அதற்கு முந்தைய, பிந்தைய இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாளியில் விட்டுப் பார்த்தால் தடை எந்த இரண்டு கண்ணிகளுக்கு நடுவே இருக்கிறது என்று பிடித்துவிடலாம். இந்த வேலை முழுக்கவும் ஸ்விட்ச் மட்டுமல்லாமல் அந்தச் சுற்றுக்கான பிரேக்கரும் இறக்கப்பட்டிருக்க வேண்டும். நீரில்லாத கீசருக்கு மின்சாரம் கொடுத்தால் காயில் எரிந்துபோகும், ஈரக்கையோடு மின் இணைப்பைத் தொட்டால் அதைவிட மோசம்.

அடைப்புக்கு முதல் காரணம் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். போர்வெல் நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானால் கார்பன்-டை-ஆக்சைடை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். சர்க்கரையும் சோற்றுப்பும் சூட்டில் கூடுதலாகக் கரையும், இது மட்டும் சூட்டில் கரைய மறுக்கும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர அமைப்பின் குடிநீர்த் தரம் சொல்கிறது. குளிக்கிற தண்ணீருக்கு அந்த எல்லையை யாரும் பார்ப்பதில்லை, கீசருக்குள் போவதோ அந்தத் தண்ணீர்தான். இங்கே என் வாதத்துக்கு முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. இந்தப் படிவு சூடாகும் இடத்தில்தான் உண்டாகிறது. பச்சைத் தண்ணீர்க் குழாய் கிட்டத்தட்டத் தப்பித்துவிடும். குழாயின் விட்டத்தைப் பொறுத்து ஓட்டம் மிக வேகமாக மாறும். 15 மில்லிமீட்டர் வழி படிவால் 12 ஆகச் சுருங்கினாலே ஓட்டம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஆகவே இரண்டு கைகளில் ஒன்று மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது. முன்பெல்லாம் கைப்பிடியை நடுவில் வைத்தால் போதும், இப்போது வெந்நீர்ப் பக்கம் முழுக்கத் திருப்பினாலும் போதவில்லை என்று வீட்டில் சொன்னால், அது சூடு குறைந்ததற்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். அந்த வெந்நீரைத் தனியாக ஒரு குவளையில் பிடித்துப் பார்த்தால் விரல் வைக்க முடியாத சூடு இருக்கும்.

படிவைத் தவிர இன்னும் சில சின்ன எதிரிகள் உண்டு. வெந்நீரைத் திறந்ததும் நன்றாக வந்து, அரை நிமிடத்தில் யாரும் தொடாமலே மெலிந்தால், பழைய மாதிரிக் குழாயின் ரப்பர் வாசர் சூட்டில் உப்பி வழியை மறிக்கிறது என்று பொருள். சில ரூபாய் வாசரில் தீரும் கோளாறு. விட்டுவிட்டுத் துப்பினால் குழாய்க்குள் காற்று. தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் காற்று வெளியேறும். வெந்நீர்க் குழாய் கதவுக்கு மேலே ஏறி மறுபடி இறங்கும் இடத்தில் அந்தக் காற்று உச்சியில் தேங்கி நிற்கும், மெலிந்த அழுத்தத்தால் அதைத் தள்ள முடியாது. கீசருக்கு முன்னால் உள்ள ஒருவழி வால்வின் நாக்கு படிவால் பாதி திறந்த நிலையில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அந்த வால்வைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 25 லிட்டர் தண்ணீர் 28-இலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் விரிவடைகிறது. ஒருவழி வால்வு இருப்பதால் அது திரும்பிப் போக முடியாது; பாதுகாப்பு வால்வு வழியாகச் சொட்டும். அந்தச் சொட்டைக் கசிவு என்று நினைத்து எம்சீல் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். கலம் வெடிக்காமல் காக்கும் ஒரே வழியை அவர்கள் மூடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வாளிக் குழாயில் வெந்நீர் வருகிறது, டைவர்ட்டரை ஷவருக்குத் திருப்பினால் மட்டும் குளிர்ந்துவிடுகிறது. எல்லாப் புகார்களிலும் இதுதான் ஆட்களை அதிகம் குழப்புகிறது. ஒரே மிக்சர், ஒரே கீசர், இரண்டு வாய். வித்தியாசம் என்னவென்றால் வாளிக் குழாயின் வாய் அகலம். அங்கே எதிர்ப்பு இல்லை, இரண்டு தண்ணீரும் தடையின்றி வெளியேறும். ஷவரில் ஊசித்துளைகள், அதுவும் பாதி உப்பால் அடைந்தவை. வெளியேற வழி குறுகியதும் மிக்சருக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் வெந்நீர்ப் பக்கத்தின் தள்ளும் பலத்தை எட்டிவிட்டால் வெந்நீர் நின்றுவிடும். பலமான பச்சைத் தண்ணீர் மட்டுமே வெளியே வரும். இன்னும் ஏறினால் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள்ளேயே பின்னோக்கிப் போகும். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்து, பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் பிரஷர் பம்ப் பொருத்திய வீடுகளில் இது கண்ணால் பார்க்கும்படியே நடக்கிறது. பம்ப் ஓடும்போதெல்லாம் சோலார் தொட்டியின் காற்றுக்குழாய் வழியாக மொட்டை மாடியில் தண்ணீர் வழியும்; கீழே ஷவரிலோ சூடே இருக்காது. சோலாரில் கோளாறு என்று ஆளை அழைத்தால், அவர் குழல்களை எல்லாம் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். அவர் சொல்வது உண்மைதான். கைப்பிடி ஷவரின் நுனியில் மூடும் விசை இருந்து, சுவரில் உள்ள இரண்டு குமிழ்களையும் திறந்தபடியே விட்டுவிட்டாலும் இதே கதை: வெந்நீர்க் குழாயும் பச்சைத் தண்ணீர்க் குழாயும் மிக்சருக்குள் நிரந்தரமாகக் கைகோத்துக்கொள்ளும், இன்னொரு குளியலறையின் வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து வரும். சந்தேகம் தீர்க்க எளிய வழி ஷவர் தலையைத் திருகிக் கழற்றிவிட்டு வெறும் கம்பியில் வரும் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பது. சூடு திரும்பிவிட்டால் குற்றவாளி அந்தத் துளைகள்தான். எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பழைய பல்தூரிகையால் தேய்த்தால் கால்சியம் கார்பனேட் கரைந்து நுரைத்து வெளியேறும்.

சூட்டுக் கோளாறே கிடையாது என்று நான் சொல்லவில்லை. காயில் எரியும், தெர்மோஸ்டாட் முன்கூட்டியே அறுத்துவிடும், காயிலின் மேல் படிந்த கல் சூடு தண்ணீருக்குப் போவதைத் தடுக்கும். மின்னழுத்தம் குறைவதைப் பலர் கவனிப்பதில்லை. காயிலின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 184 ஆக இறங்கினால் 2,000 வாட் காயில் 1,280 வாட்டாகத்தான் வேலை செய்யும். 25 லிட்டரை 28-இலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 28 நிமிடத்துக்குப் பதில் 44 நிமிடம் ஆகும். ஆனால் இந்தக் கோளாறுகளுக்கு ஒரு தனி முகம் உண்டு: வெந்நீர்க் குழாயைத் தனியாகத் திறந்தாலும் சூடு இருக்காது. தனியாகத் திறக்கும்போது சுட்டு, சேரும்போது மட்டும் கெட்டுப்போனால் அது சூட்டுக் கோளாறாக இருக்க முடியாது. உடனடியாகச் சூடாக்கும் இன்ஸ்டன்ட் கீசர் ஒரு விதிவிலக்கு என்று தோன்றலாம், ஏனென்றால் அங்கே தண்ணீர் ஓடும்போதே சூடாகிறது. 3 கிலோவாட் கீசர் வழியாக நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் 14 டிகிரி ஏறும், 28 டிகிரித் தண்ணீர் 42 ஆகும். 6 லிட்டர் ஓடவிட்டால் 7 டிகிரிதான் ஏறும். அங்கேயும் சூட்டைத் தீர்மானிப்பது குமிழை எவ்வளவு திறக்கிறோம் என்பதுதான். கேஸ் கீசரில் இது இன்னும் கறாரானது: உள்ளே ஓடும் தண்ணீரின் விசை ஒரு சவ்வைத் தள்ளினால்தான் அடுப்பு பற்றும். பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வெந்நீர் ஓட்டம் குறைந்துவிட்டால் அடுப்பே அணைந்து, குளிக்கிறவர் தலையில் குளிர்நீர் விழும். கேஸ் கீசரை மூடிய குளியலறைக்குள் வைக்கவே கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே இருப்பவருக்குத் தெரியாமலே உயிரை எடுத்துவிடும்.

‘பெரிய கீசர் வாங்கினால் தீராதா?’ என்பது அடுத்த கேள்வி. 15 லிட்டர் கீசரின் 60 டிகிரி நீர், சமவெளியில் 40 டிகிரிக் குளியல் நீராக ஏறத்தாழ 40 லிட்டர் ஆகும். தண்ணீர் 12 டிகிரிக்கு இறங்கும் மலையூரில் 26 லிட்டர்தான். இரண்டு பேர் குளித்ததும் வெந்நீர் தீர்ந்துபோகிறது என்றால் பெரிய கீசர் சரியான மருந்து. குளிக்கத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே சூடு ஏறி இறங்குகிறது என்றால் கலத்தின் அளவு எதையும் மாற்றாது. குடத்தைப் பெரிதாக்கினால் அதன் வாய் அகலமாவதில்லை. இன்னும் சிலர், தெர்மோஸ்டாட்டையே 42 டிகிரியில் வைத்துவிட்டால் கலக்கும் தேவையே இராதே என்பார்கள். யோசிக்க வேண்டிய கேள்விதான், மின்சாரமும் மிச்சமாகும். ஆனால் 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர் அமைப்பு ஒன்றின் மாநாட்டில் பரவி, அந்த அமைப்பின் பெயராலேயே அழைக்கப்படும் லெஜியனேர் நோயின் பாக்டீரியா, தேங்கிய நீரில் 20 முதல் 45 டிகிரி வரை செழித்து வளர்கிறது. ஷவரின் நுண்துளிகள் வழியாக நுரையீரலுக்குள் போகிறது. அதனால்தான் வெந்நீரை 60 டிகிரியை ஒட்டிச் சேமிக்கச் சொல்கிறார்கள். அந்த 60 டிகிரி மறுபக்கம் ஆபத்தானதும்கூட. மோரிட்ஸும் ஹென்ரிக்ஸும் 1947-இல் வெளியிட்ட ஆய்வின்படி அந்தச் சூட்டில் ஐந்து நொடியில் தோல் ஆழமாக வெந்துவிடும். 49 டிகிரியிலோ ஒன்பது நிமிடம்போல ஆகும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் வெந்நீரைச் சூடாக வைக்கவும் வேண்டும், அது நேராக உடம்பில் விழாமல் இருக்கவும் வேண்டும். விளாவும் வேலையைத் தவிர்த்துவிட முடியாது, நம்பும்படி நடக்கவைக்கத்தான் முடியும்.

அதற்குத்தான் தெர்மோஸ்டாடிக் மிக்சர் இருக்கிறதே என்று கேட்கலாம். கார் எஞ்சினில் உள்ளதைப் போலவே, சூட்டில் விரியும் ஒரு மெழுகுக் குப்பி அதற்குள் இருக்கிறது; கலவை சூடானால் விரிந்து வெந்நீர் வழியைச் சுருக்கும், குளிர்ந்தால் சுருங்கி வழியை அகலப்படுத்தும். அருமையான கருவி. ஆனால் அதற்கும் தன் வேலையைச் செய்யக் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். பெட்டியில் அந்த எண்ணைப் போட்டிருப்பார்கள். இரண்டு மீட்டர் உயரத் தொட்டியின் கீழே அதைப் பொருத்தினால், விலை கொடுத்து இன்னொரு தடையை வாங்கி மாட்டியதாகத்தான் ஆகும். இரண்டு பக்கத்துக்கும் அழுத்தத்தைச் சமமாக்கிவிட்டால் சாதாரண மிக்சரே போதும் என்பது என் எண்ணம். முன்னே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள்: பச்சைத் தண்ணீர் மட்டும் பாதியானால் 45 டிகிரி. இரண்டும் ஒன்றாகப் பாதியானால், 1.125 லிட்டரும் 1.875 லிட்டரும் சேர்ந்து அதே 40 டிகிரி. ஓட்டம் மெலியும், உடம்பு சுடாது.

இதை நடைமுறையில் கொண்டுவருவது குழாய் பிரியும் இடத்தைப் பொறுத்தது. மாடித் தொட்டியிலிருந்து குளியலறைக்கு ஒரு தனிக் குழாய், முடிந்தால் முக்கால் இஞ்ச், இறங்க வேண்டும். பிரஷர் பம்ப் வைப்பதென்றால் கீசருக்குப் பிரியும் டீ (T) வடிவ இணைப்புக்கு முன்னால் வைக்க வேண்டும். அப்போது இரண்டு கிளையும் ஒரே பலத்தில் தள்ளப்படும். கீசர் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று அதன் தகட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றுக்குழாய் திறந்திருக்கும் சோலார் தொட்டிக்குப் பம்ப் அழுத்தம் ஆகாது. அங்கே பச்சைத் தண்ணீரையும் பம்ப் இல்லாமல் அதே உயரத்திலிருந்து எடுப்பதே பொருந்தும். ஃப்ளஷ் தொட்டிக்கும் வாஷ்பேசினுக்கும் போகும் கிளைகள் கீசரின் டீ-க்கும் மிக்சரின் பச்சைத் தண்ணீர் வாய்க்கும் நடுவே பிரியக் கூடாது. அப்படிப் பிரிந்தால் அவை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் திருடும். டீ-க்கு முன்னாலேயே பிரிந்தால் இரண்டு பக்கமும் சமமாகக் குறையும். கீசரிலிருந்து ஷவர்வரை போகும் வெந்நீர்க் குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. 15 மில்லிமீட்டர் குழாய் பத்து மீட்டர் ஓடினால் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் லிட்டர் ஆறிய தண்ணீர் அதற்குள் நிற்கும், ஒவ்வொரு குளியலுக்கும் முதலில் அது வெளியே போனால்தான் சூடு வந்து சேரும். இவை எல்லாமே சுவரைக் கொத்திய நிலையில் அரை நாள் வேலை, டைல்ஸ் ஒட்டிய பிறகு இடித்துச் செய்ய வேண்டிய வேலை. ஆகவே பிளம்பர் குழாய்களைப் பதித்து முடித்த அன்று, பூச்சுவேலை தொடங்கும் முன், ஒவ்வொரு டீ-யும் தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று அளவு நாடாவைப் பிடித்தபடியே நாலு சுவரையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.